இரண்டாயிரம் டாலருக்குக் கீழே

வக்கீல் தோர்சனின் அலுவலகம்
பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடி.
கீழே யாருக்கோ பல் ராவும் சத்தம் கேட்டதும்
காதைப் பொத்திக்கொண்டான் எமெட்.
நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டேன்.
அங்கிருந்து ஏரி தெரியும்,
டுலூத்தின் தூக்குப் பாலம் தெரியும்.
அவனுக்கு அது போதும்.

மார்ச் ஒன்பதாம் தேதி பதினெட்டு முடிகிறது.
அன்று காலையிலிருந்து
சட்டத்தின் கண்ணுக்கு நான்
அதே வீட்டில் குடியிருக்கும் ஒரு பெண்.
வலிப்பு மருந்தின் அளவை மாற்ற
டாக்டர் என்னைக் கேட்கத் தேவையில்லை.
ராத்திரி இரண்டு மணிக்குத் தானாக
விழித்துப் பழகிய இந்த உடம்பு
இனி கோர்ட்டில் மனுப் போட்டு நிரூபிக்க வேண்டும்,
தான் யாரென்று.

போன அக்டோபரில் அப்பா இறந்தார்.
நாற்பது வருஷம் கப்பல்களில் கோதுமை ஏற்றியவர்.
உயிலின் கடைசி வரி:
பேரன் எமெட்டுக்குப் பதினோராயிரம் டாலர்,
அவன் கப்பல் பார்க்கப் போய்வர.
யாரையும் கலந்துகொள்ளவில்லை.
ஆசை வந்தால் யார்தான் வக்கீலைக் கேட்கிறார்கள்.

தோர்சன் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.
பையன் பெயரில் இரண்டாயிரத்துக்கு மேல் சேர்ந்தால்
மாத உதவித்தொகை நின்றுபோகும்.
அதன் வாலைப் பிடித்துக்கொண்டு
மருத்துவ அட்டையும் போகலாம்.
அட்டை போனால்
அந்தப் பதினோராயிரம் அடுத்த கோடையைத் தாண்டாது.

செத்தவர் மேல் கோபம் வந்தது எனக்கு,
ஒரு நிமிஷம்.
பிறகு அந்தக் கோணல் கையெழுத்தைப் பார்த்தேன்.

டிரஸ்ட் எழுதலாம் என்றார்.
பணம் அவனுக்காக இருக்கும், அவனுடையதாக இருக்காது.
அவன் காலத்துக்குப் பிறகு மிச்சமிருந்தால்
அரசாங்கம் முதலில் கை நீட்டும்.
சரி, நீட்டட்டும்.

பொறுப்பாளர்: மூன்று கோடுகள்.
முதல் கோட்டில் நான்.
இரண்டாவதில் மகள் ப்ரின்,
ஃபார்கோவில் லாரி ஓட்டுகிறாள்.
போனில் கேட்டபோது
வைப்பர் அடிக்கும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.
"செய்றேன்மா.
ஆனா டுலூத்துக்குத் திரும்பி வான்னு மட்டும் சொல்லாதே."
சொல்லவில்லை.

"ப்ரினுக்குப் பிறகு?"

மூன்றாவது கோட்டில் பேனா நின்றது.
நான் போய், அவளும் போன பிறகு
என் பையனுக்கு எழுபது வயதிருக்கும்.
இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட
அவனை நரைத்த தலையோடு
நினைத்துப் பார்த்ததில்லை நான்.
அந்தக் கிழவனின் ரொட்டியை
யார் முக்கோணமாக வெட்டுவார்கள்?
சதுரமாக வெட்டினால் நாள் முழுக்கப் பட்டினி என்று
யார் யாருக்குச் சொல்லி வைப்பார்கள்?

"அதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள்.
சட்டப்படி செல்லாது" என்றார் தோர்சன்.
"ஆனால் எல்லோரும் முதலில் அதைத்தான் படிப்பார்கள்."

அப்போது ஏரியில் ஒரு ஊதல்.
கப்பல் கண்ணில் படவே இல்லை.
"ஆயிரமடி. காலி. தாது ஏத்த வருது"
என்றான் எமெட், கண்ணாடியில் நெற்றியை ஒட்டி.
தோர்சன் எழுந்து போய்
பாலம் தூக்கும் வரை அவன் பக்கத்தில் நின்றார்.
ஆயிரமடிதான். காலிதான்.

ஒரு மணி நேரத்தில் முதல் தடவையாக
அவனையே கேட்டார்:
"எமெட், உனக்கு என்ன வேணும்?"

"அந்தப் பேனா."

கீழ்மாடிப் பல் டாக்டரின் பெயர் போட்ட
நீலப் பேனா.
கொடுத்தார்.
சட்டைப் பையில் செருகிப்
பித்தானைப் போட்டுக்கொண்டான்.

ஐம்பது காசு இருக்குமா?
இன்னும் வரம்புக்குள்தான் இருக்கிறான்
என்று கணக்குப் போட்டது என் மனசு.

மூன்றாவது கோட்டை நிரப்ப
வேறு பேனா தேட வேண்டியிருந்தது.