பொய்ச் சிவப்பு

எனக்கு எழுத்து தெரியாது.
எந்தச் சிவப்பு எத்தனை பனிக்காலம் தாங்கும்,
அது தெரியும்.

அராஸ் ஆற்றின் உப்புச் சதுப்பில்
திராட்சை பறித்து ஓய்ந்த வாரத்தில்
விடியுமுன் குனிய வேண்டும்.
புல்வேரை விட்டுப் பூச்சிகள் ஏறி வரும்,
மாதுளை முத்தில் பாதி அளவு.
வெயில் பட்டால்
மண் அவற்றைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்.
ஒரு தேவதூதன் சிறகுக்கு
ஒரு தொப்பி நிறையப் பூச்சி.
கபிரியேல் எத்தனை உயிர் குடித்துப் பறக்கிறான் என்று
கோயிலில் யாரும் கணக்குக் கேட்பதில்லை.

வான் ஏரிக்கரை மடத்தில்
கிராகோஸ் எழுதினான், மினாஸ் வரைந்தான்,
நான் அரைத்தேன்.
மை உறையும் நாட்களில்
கிராகோஸ் மைக்கொம்பை அக்குளில் இடுக்கிக்கொள்வான்.
மினாஸ் பொன் ரேக்கு ஒட்டுமுன்
தாளில் வாய் வைத்து ஊதுவான்,
பூண்டுச் சாறு இளகிப் பொன்னைப் பிடிக்கும்.
எங்கள் பரலோகம் முழுக்க
லேசான பூண்டு வாசம்.
முதலெழுத்துகளை அவன் பறவைகளால் கட்டுவான்.
எனக்கு வாசிக்கத் தெரிந்தவை அவை மட்டும்:
கொக்கு. கொக்கு. மீன் கவ்விய கொக்கு.

புத்தகம் வார்தேனிக்கு.
மூன்று எருமை விற்ற பணம்.
ஏழு வயது நெர்செஸை ஏரி கொண்டுபோனது,
உடலைத் தரவில்லை.
கடைசித் தாளில் அவன் பெயர் வேண்டும் என்றாள்.
வாசிக்கிற வாயெல்லாம்
ஒருமுறையாவது அவனைக் கூப்பிட வேண்டும்.

அந்தப் பனிக்காலம் என் காலணி பிளந்திருந்தது.
ஆர்ச்சேஷ் சந்தையில் கம்பளச் சாயக்காரனுக்கு
ஒரு தொப்பிச் சிவப்பை விற்றேன்.
குறைந்த அளவுக்கு
மஞ்சிட்டி வேரை அரைத்துக் கிண்ணத்தில் வைத்தேன்.
மினாஸ் தூரிகையை நனைத்தான். நிறுத்தினான்.
என் காலைப் பார்த்தானா, தெரியவில்லை.
எருசலேம் வாசலில்
கழுதையின் குளம்புக்குக் கீழே
சட்டையைக் கழற்றி விரிக்கிறானே ஒரு சிறுவன்,
அந்தச் சட்டைக்கு மட்டும் அதைப் பூசினான்.

பதினோராம் ஆண்டு குதிரைகள் வந்தன.
ஆட்களை ஓட்டிப்போனார்கள். மணிகளை. புத்தகங்களை.
எங்கள் பக்கம் புத்தகம் களவு போனது என்று சொல்வதில்லை,
சிறைப்பட்டது என்போம்.
ஆளை மீட்பதுபோல்தான் அதையும் மீட்க வேண்டும்.

இரண்டு கோடை கழித்து
வணிகன் ஒருவன் மடத்து வாசலில் சாக்கைக் கொட்டினான்.
மூன்று சுவிசேஷங்கள்.
வெள்ளி அட்டை உரிந்து
முன்தாளும் கடைசித் தாளும் போய்
காது மூக்கு அறுபட்டவைபோல் கிடந்தன.
ஒன்றுக்கு நாற்பது மரக்கால் கோதுமை.
எங்களிடம் இருந்தது நாற்பத்தொன்று.

மினாஸ் அதற்குள் மண்ணுக்குப் போயிருந்தான்.
கிராகோஸ் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.
"மூன்றும் என் கைதான்.
மூன்று ஊருக்கு எழுதினோம்.
இதில் வார்தேனியுடையது எது, எனக்கே தெரியவில்லை."

நான் கழுதைப் பக்கத்தைத் தேடினேன்.
ஒன்றில் சட்டை எரிந்துகொண்டிருந்தது.
இன்னொன்றிலும்.
மூன்றாவதில் அது செத்து
குளம்படி மண்ணின் நிறத்துக்கு வந்திருந்தது.
"இது" என்றேன்.
எப்படி என்றார்கள்.
காலணியைச் சொன்னேன், சந்தையைச் சொன்னேன்,
மஞ்சிட்டியைச் சொன்னேன்.
வணிகன்கூடச் சிரிக்கவில்லை.

கோதுமை அளந்தார்கள்.
மற்ற இரண்டும் சாக்குக்குள் திரும்பின.
அந்தச் சிவப்புகள் நன்றாக அரைத்தவை.

வார்தேனி பக்கத்தை வெயிலுக்குத் திருப்பினாள்.
நான் திட்டுக்குக் காத்து நின்றேன்.
"அவன் சட்டை இந்த நிறம்தான்" என்றாள்,
"துவைத்துத் துவைத்து."

கிராகோஸ் புதுத் தாள் தைத்து
பெயர்களை மறுபடி எழுதினான்.
நெர்செஸுக்குக் கொக்கு வைத்து.
அவாக் எங்கே என்று கேட்டேன்,
விரலை வைத்துக் காட்டினான். எனக்குப் பறவை இல்லை.
புத்தகத்தை எப்படி அடையாளம் கண்டோம் என்பதற்கு
"கடவுள் கிருபையால்" என்று எழுதியதாகச் சொன்னான்.

இரண்டே சொல்.
வரியோ
தாளின் ஓரம் வரை போய்
மடங்கி
இன்னும் கொஞ்சம் போயிருந்தது.