உள்ளே வர இருபத்தாறு நிமிஷம்

ஞாயிறு காலை ஏழரைக்கு ஷட்டரைத் தூக்கினால்
பெட்டி சொல்கிறது:
புதிய மென்பொருள் வந்திருக்கிறது. நிறுவாமல் ஆட முடியாது.
சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டின் ஐஸ் தண்ணீர்
வாசற்படி வரை வந்து நிற்கிறது,
அதைத் தாண்டி ஆறு பையன்கள்.
மணிக்கு ஐம்பது ரூபாய், சில்லறையாக, வியர்த்த கைக்குள்.

பதினாலு சதவீதம்.
"போன வாரம்தானே மேகலாக்கா பண்ண?"
போன வாரமும்தான் சாப்பிட்ட, இன்னிக்குப் பசிக்கலையா என்றேன்.
ஜோயல் சிரிக்கவில்லை.
சொன்ன பிறகுதான் உறைத்தது எனக்கு.
டீக்கும் பன்னுக்கும் ஆள் அனுப்பினேன்.

முப்பத்தொன்றில் கரண்ட் போனது.
யுபிஎஸ் கோழிக்குஞ்சு மாதிரிக் கத்த,
அணைத்துவிடாதீர்கள் என்று திரை கெஞ்ச,
நான்கு நிமிஷம் ஒருவனும் பன்னைக் கடிக்கவில்லை.

அறுபதில் தானாகவே நின்றது.
இடம் போதவில்லை. எதையாவது நீக்குங்கள்.
பட்டியலை இறக்கிக்கொண்டே போனேன்.
கால்பந்தில் கை வைத்தால் கடை இருக்காது.
துப்பாக்கி என் வாடகை.
காரை எடுத்தால் இம்ரோஸ் அழுவான்,
பதினாறு வயசு, இருந்தாலும் அழுவான்.
அடியில்
பனி நாட்டில் லாரி ஓட்டும் ஆட்டம்,
எண்பத்தெட்டு ஜிபி,
கடைசியாக ஆடியது பதினொரு மாதம் முன்பு.

அது டில்லிபாபுவுடையது.
கூவம் கரையில் நீல பெயின்ட் அடித்த கதவு அவர்களுடையது.
அதில் எண் எழுதிவிட்டுப் போனார்கள்.
ஒரு செவ்வாய்க்கிழமை, எண்ணோடு சேர்த்துக்
கதவையும் லாரியில் ஏற்றினார்கள்.
பெரும்பாக்கம். எட்டாவது மாடி.
லிஃப்ட் ஓடும் நாளில் லிஃப்ட்.
அவன் லாரி மட்டும் இங்கே
ஏதோ ஒரு மலை வளைவில்
மரக்கட்டை பாரத்தோடு, பாதி வழியில் சேமித்தபடி.

"அத அழிக்காதக்கா."
யார் சொன்னது என்று திரும்பிப் பார்க்கவில்லை.
ரிச்சி ஸ்ட்ரீட்டில் பேரம் பேசி வாங்கிய
ஹார்ட் டிஸ்க்கைத் தூசி ஊதிச் சொருகினேன்.
பெட்டி பணிவாகக் கேட்டது:
வெளிச் சேமிப்பகத்துக்கு மாற்றலாமா?
அங்கே வைத்திருக்கலாம்.
அங்கிருந்து ஆட முடியாது.
ஆட வேண்டுமென்றால் மறுபடி உள்ளே கொண்டுவர வேண்டும்.

நான் மனசுக்குள் படித்தேன்.
குணா வாய்விட்டுப் படித்தான்.
சரி என்பதை அழுத்தினேன், வேறென்ன செய்ய.

ஒன்பதே காலுக்கு எழுந்த பெட்டி
எங்கள் அமைப்புகளை மறந்திருந்தது.
படம் டிவியின் ஓரத்தைத் தாண்டி வழிந்தது,
கோல் கணக்கு சுவருக்குள் போய்விட்டது.
நான்கு மூலையிலும் அம்பு தெரியும்வரை சுருக்கு என்றது. சுருக்கினேன்.
அப்புறம் வெளிச்சம்.
கறுப்புச் சதுரத்துக்குள் ஒரு குறி,
அது தெரிந்தும் தெரியாமலும் ஆகும்வரை குறைக்கணும்.
தெரியுது என்று மூன்று பேர்.
ஒண்ணும் இல்லை என்று மூன்று பேர்.
எனக்குத் தெரிந்தது.
தெரியட்டும் என்று இரண்டு புள்ளி ஏற்றியும் வைத்தேன்.

மூன்றாவது ஞாயிறு டில்லி வந்தான்.
ரெண்டு பஸ் மாறி, மீசை அரும்பி,
குரல் வேறு யாருடையதோ போல.
"என் லாரி இருக்காக்கா?"
இருக்குடா. வெளிய இருக்கு.
உள்ள வர இருபத்தாறு நிமிஷம்.
நாலு மணி பஸ்ஸை விரலில் கணக்குப் போட்டுப் பார்த்தான்.
ஜெயிக்கிற ஆட்டத்தைப் பாதியில் விட்டு
குணா நாற்காலியிலிருந்து எழுந்தான்.
நேரம் குறிக்கும் நோட்டை மூடி
அதன் மேல் டீ கிளாஸை வைத்தேன்.

கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.
நீலக் கோடு. ஏழு.
ஏழு.
எட்டு.
"ஹேண்ட் பிரேக் போட்டுட்டுதான் போனேன்" என்றான்,
திரையைப் பார்த்தபடி,
யாரிடமும் இல்லாமல்.