ஏழு மீட்டர் சொச்சம்

மழைநீர் வடிகாலுக்கு மட்டம் பார்க்கிற வேலை எனக்கு.
முக்காலியில் கண்ணாடி,
எதிரே கோல் பிடிக்க இருதயமேரி.
வேளச்சேரியில் தொடங்கி பள்ளிக்கரணை வரை
தெருத்தெருவாய் எழுதிக்கொண்டு போகிறோம்,
தரை எவ்வளவு உயரமென்று.

உயரமா என்று சிரிக்காதீர்கள்.
ரயில் நிலையத்து மஞ்சள் பலகையில்
ஊர்ப்பேருக்கும் கீழே
யாரும் படிக்காத ஒரு எண் இருக்குமே,
எங்கள் பிழைப்பு அதன் தசம புள்ளிக்கு அப்பால்.

பள்ளிக்கூடத்தில் படம் வரைந்தபோது
மேற்கு மலைகளுக்கு அரக்கு,
பீடபூமிக்கு மஞ்சள்,
எங்கள் ஊர்மேல் பச்சைப் பென்சில் ஒரே இழுப்பு.
சமவெளி. அவ்வளவுதான். இரண்டு மதிப்பெண்.

அந்தப் பச்சைக்குள்
நாலாவது குறுக்குத் தெருவில் மட்டும்
டீக்கடைக்கும் ஸ்கேன் சென்டருக்கும் நடுவே
பதினான்கு சென்டிமீட்டர் சரிவு.
வேகத்தடைதான் அங்கே நீர் பிரியும் முகடு.
இந்தப் பக்கம் விழுந்த துளி சதுப்புக்குப் போகும்.
அந்தப் பக்கம் விழுந்தது
ரஷீதா டீச்சர் வீட்டு பிரிட்ஜுக்கு அடியில்.

மலை பிறப்பதையும் பார்த்திருக்கிறேன்.
கோதண்டபாணி சார், தபால்துறை, ஓய்வு,
வெள்ளத்துக்கு மறுவருஷம்
வீட்டுக்கடியில் இருநூறு ஜாக்கி கொடுத்தார்.
வடக்கத்திப் பையன்கள் விசில் அடித்து அடித்துத் திருக
நாளுக்கு நாலு அங்குலம் எழும்பியது மாடிவீடு,
சமையலறையில் பால் பொங்காமல்.
மூன்றரை அடியில் நிறுத்தி சாந்து பூசினார்கள்.
அடுத்த ஐப்பசியில்
அவர் வாசல் தண்ணீரும் டீச்சர் வீட்டுக்கே வந்தது.
இருவரும் இப்போது பேசிக்கொள்வதில்லை.

ஒருவர் ஐந்நூறு ரூபாயை மடித்து
நோட்டுக்குள் வைக்கப் பார்த்தார்:
"எங்க தெருவுக்கு அரையடி கூட்டிப் போடுங்க சார்,
பிளாட்டு விக்கணும்."
கோலில் எண் கூடினால் தரை தாழ்வு என்று
அவருக்குத் தெரியாது.
கூட்டித் தரட்டுமா என்று கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை. வெயில்.

மதியம் ஒரு அடுக்ககத்தின் சுற்றுச்சுவரோரம்
தயிர்சாதம் பிரித்தோம்.
பூச்சு உதிர்ந்த இடத்தில் ஜல்லி தெரிந்தது,
மழைமேகம் மாதிரி கருநீலம்.
இருதயமேரி கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.
"எங்க மலை சார் இது. திரிசூலம்.
பதினாறு வயசுல நானே கூடையில ஏத்தினது
இதுல ரெண்டு கல்லாவது இருக்கும்."

நிமிர்ந்து பார்த்தேன்.
பதினோரு மாடி. பால்கனியில் துணி,
ஒன்பதாவதில் ஒரு சைக்கிள்.
அண்ணாந்தபடியே கேட்டேன்:
மீதி மலை?
"வேளச்சேரி பாலத்துல கொஞ்சம்.
ஏர்போர்ட்டுல கொஞ்சம்.
எங்க வூட்டுல கிடையாது, ஓலையும் ஷீட்டும்தான்."

வெட்டிய இடத்தில் இப்போது தண்ணீராம்.
பச்சையாய், அசையாமல்,
பையன்கள் குதிக்கிறார்களாம்,
வருஷத்துக்கு ஒருத்தன் ஏறி வருவதில்லையாம்.
ஆழம் எவ்வளவு இருக்கும்?
அவள் தன் கோலைப் பார்த்தாள்,
நாலு மீட்டர் அலுமினியம்,
பிறகு டிபன் டப்பாவைக் கழுவப் போனாள்.

நான் புத்தகத்தைத் திறந்தேன்.
பின்நோக்கு, முன்நோக்கு, ஏற்றம், இறக்கம்,
குறிப்பு என்று கடைசியில் ஒரு ஒல்லிக் கட்டம்.
அதில் "கருங்கல் சுவர், நிழல் உண்டு" என்று எழுதினேன்.

நாலு மணிக்குத் தூறல். கண்ணாடியை மூடியாயிற்று.
நாளைக்கு நாராயணபுரம் ஏரிக்கரை, ஆறரைக்கு வந்துவிடு என்றேன்.
கோலை மடக்கினாலும் ஷேர் ஆட்டோவுக்குள் அடங்கவில்லை.
சிவப்பும் கறுப்புமாய் எண்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்க
அவளும் அதுவும் மேம்பாலம் ஏறினார்கள்,
தங்கள் மலையின் மேல்,
முதல் கியரில், முக்கி முக்கி.