எச்.டி. முத்திரை

தை பிறந்தால் அம்கராவில்
நாலு டிகிரிக்கு இறங்கும்.
ஹீட்டர் போட்டால் பிரேக்கர் விழும்.
பிரேக்கர் விழுந்தால் முதீர் வருவார்.
ஆகவே ஏழு மணிக்கு மேல்
நானும் ஷொஹாக்கும் கோட்டைச்சாமியும்
பலகை பொறுக்கப் போவோம்.

கிடப்பதெல்லாம் விறகல்ல.
பேலட்டைப் புரட்டிக் கட்டையின் பக்கவாட்டில்
சூடு வைத்த எழுத்தைப் பார்க்க வேண்டும்.
எச்.டி. என்றால் வெறும் வெக்கையில் வாட்டியது.
எரிக்கலாம்.
எம்.பி. என்றால் விஷப்புகை குடித்த மரம்.
"எம்.பி.யைத் தொடாதே" என்றதற்கு
எந்தத் தொகுதி என்று கேட்டான்
கோட்டைச்சாமி, வந்த முதல் வாரம்.

நீலம் பூசியது வேண்டாம்,
அதற்குக் கம்பெனி உண்டு, கணக்கு உண்டு.
பிளைவுட் வேண்டாம், பசை எரிந்தால் கண் எரியும்.
இரண்டு துண்டைத் தட்டிப் பார்:
டிங் என்றால் காய்ந்தது.
தொப் என்றால் போன வார மழை
இன்னும் உள்ளே குடியிருக்கிறது.
ரோட்டோரம் உயிரோடு நிற்கும் மரத்தை
அண்ணாந்துகூடப் பார்ப்பதில்லை.
அபராதத் தொகையைச் சொன்னார்கள்,
அதற்கு மேல் கேட்கவில்லை.

நேற்றுக் கிடைத்தது நல்ல பைன்.
ஏசி வந்த பெட்டி.
மூடியில் பனிப்பூ படம் போட்டிருந்தது.
அதுதான் முதலில் பற்றியது.

அரை டிரம்முக்குள் தீ.
டிரம் வாசலுக்கு வெளியே.
தீயை உள்ளே எடுத்துப் போவதில்லை.
பக்கத்து யார்டில் போன வருஷம்
தட்டில் கரி அள்ளி வைத்து
கதவடைத்துத் தூங்கினார்கள் மூன்று பேர்.
கதவை உடைத்தபோது
தட்டும் ஆறியிருந்தது.

அதனால் நாங்கள் செங்கல் சுடுகிறோம்.
ஆளுக்கு இரண்டு.
சாக்கில் சுற்றிக் காலடியில் வைத்தால்
இரண்டு மணி வரை தாங்கும்.
இரண்டிலிருந்து நாலரை வரை
அவனவன் சாமர்த்தியம்.

விடிந்ததும் சாம்பலுக்குள் காந்தத்தை ஓட்டி
ஆணி எடுப்பான் ஷொஹாக்.
பால்பவுடர் டின் நிறைந்தால்
ஒருவேளை கோழி.

மார்ச் பாதியில்
பாலையில் கூடாரம் போட்டவர்கள் ஊருக்குத் திரும்புவார்கள்.
பார்த்துக்கொண்டிருக்க மட்டும்
மூட்டை மூன்று தினாருக்கு வாங்கிய விறகு
பாதி கருகி, பாதி கட்டுப் பிரியாமல்
மணலில் கிடக்கும்.
இரும்பு மாதிரி மரம்,
ஒரு கட்டை இருந்தால் இரவு முழுக்க நின்று எரியும்.
அதற்குள் எங்களுக்கு
வியர்க்கத் தொடங்கியிருக்கும்.

ஆனாலும் பிக்கப் இரவல் வாங்கிப் போனோம்.
மூன்று நடை.
கேபினுக்குப் பின்னால் அடுக்கித்
தார்ப்பாய் போட்டோம்.
கோட்டைச்சாமிக்கு ஜூனில் விசா முடிகிறது.
புதுப்பிக்க மாட்டார்கள், அவனுக்கே தெரியும்.
தரையில் வைத்தால் கரையான் ஏறும் என்று
அவன்தான் உள்ளே போய்
கட்டிலுக்கடியிலிருந்து எடுத்து வந்தான்
அவனுடைய இரண்டு செங்கலை.