தூர் எண் பதினேழு

கினிகத்தேனை வளைவில் லொறியை மறித்தவர்கள்
முதலில் கேட்டது போகும் ஊர்.
நீர்கொழும்பு என்றேன்.
குற்றமென்று நான் சொன்னது அவ்வளவுதான்.

நாற்பத்து மூன்று தேயிலைத் தூர்.
நோர்வூட் பக்கம் கிழட்டு மலையைப் பிடுங்கிப்
புதுக் கன்று வைத்தபோது
அடுப்புக்கென்று கூறு கட்டி விற்றார்கள்.
வாங்கினேன், ரசீது இருக்கிறது.
மண் போகக் கழுவி, வேர் முறியாமல் சீவி,
தகரத்தின் மேல் இரண்டு மாதம் காயவைத்தேன்.
மீன்தொட்டிக்குள் வைப்பார்கள், ஐயா.
குஞ்சு மீன் அதன் இடுக்கில் ஒளிந்துகொள்ளும்.
கடைக்காரர் பெனடிக்ட், இந்தாங்கள் அவர் நம்பர்.

நான் சொல்லிக்கொண்டிருக்கையிலேயே
விஜேகோன் மாத்தையா ஒரு தூரைத் தூக்கி
மூக்கருகே கொண்டுபோனார்.
வல்லப்பட்டை, என்றார்.
இன்னொருவர் மோந்து, ம், என்றார்.
மூன்றாமவருக்குத் தடிமன்.
தலையை மட்டும் ஆட்டினார்.

வாசனைக் கட்டை நாட்டைத் தாண்டக் கூடாது.
நீர்கொழும்புக்குப் பக்கத்தில் விமான நிலையம்.
மீதிக் கணக்கை அவர்களே கூட்டிக்கொண்டார்கள்.

ஹட்டனில் மருந்துக்கடைக்கு மேல் மாடியில்
சட்டத்தரணி பர்ஹானா ஜுனைத்
என் கடதாசிகளை மேசையில் பரப்பி,
மழைக்கு யன்னலைச் சாத்திவிட்டுச் சொன்னார்:
"சந்தேகப்படலாம். அதற்குத் தடையில்லை.
ஆனால் பொருளைப் பிடிக்க
நம்பக் காரணம் வேண்டும்.
காரணம் என்றால் எழுத வேண்டும்.
எழுதியதை இன்னொருவர் வாசிக்க வேண்டும்.
வாசித்தவர் கேட்பதற்குப் பதில் வேண்டும்."

பிறகு கேட்டார்:
"உங்கள் லொறி நின்ற இடத்திலிருந்து
கடல் எத்தனை கட்டை?"

நான் எண்ணிப் பார்த்ததில்லை.

எங்கே தொடங்குகிறது ஏற்றுமதி?
கப்பலின் ஏணியிலா, துறைமுக வாசலிலா,
பெனடிக்ட் "சரி, அனுப்புங்கள்" என்ற போனிலா?
தங்கச்சி குவைத்துக்குப் போனபோது
எந்த இடத்தில் தொடங்கியது அது?
ஏஜென்சிக்காரன் அவள் கையை விரித்து
நகம் பார்த்த இடத்திலா?
அன்றைக்கு இதே வளைவில்
வேனை ஒருவரும் மறிக்கவில்லை.

விசாரணையில் பர்ஹானா குரலை உயர்த்தவில்லை.
எந்தக் கப்பல்?
பேச்சில்லை.
எந்த விமானம்? யாருடைய பத்திரம்?
மின்விசிறி மட்டும் கோப்பைப் புரட்டியது.
காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது,
கொஞ்சம் வாசியுங்கள் மாத்தையா.

விஜேகோன் வாசித்தார்.
ஒரே சொல்.
மணம்.

அவர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன்.
வாசித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி
வெகுநேரம் துடைத்தார்.
துண்டொன்று ஆய்வுகூடத்துக்கு முன்பே போயிருந்தது.
பத்து நாளில் பதில் வந்தது:
தேயிலை.
மலை முழுக்க நிற்பது.
அவர் காலையில் குடித்துவிட்டு வந்தது.

விடுவிக்கச் சொல்லி உத்தரவானது.
கொண்டுவர வாடகைக்குக் கடன் வாங்கினேன்.
களஞ்சியத்தில் நீர் ஒழுகியிருந்தது.
பன்னிரண்டு தூரில் வெள்ளைப் பூஞ்சணம்.
பெனடிக்ட் வேறெங்கோ வாங்கிவிட்டாராம்,
தொட்டிகள் காத்திருக்காதாம்.

சட்டம் கையைத் தடுத்தது, மெய்தான்.
மழையைத் தடுக்க அதில் பிரிவில்லை.

பதினேழாம் எண் மட்டும் பாதியாக வந்தது,
ஆய்வுக்கு அறுத்ததன் மிச்சம்.
இத்தனை தூரைக் கழுவியும்
உள்ளே எப்படியிருக்கும் என்று பார்த்ததில்லை.
நெருக்க நெருக்கமாய் வளையம்.
நடுவில் கறுத்து, நகமளவு இரும்பு.
எந்தக் கவ்வாத்திலோ முறிந்த கத்தி நுனி.
யார் கையில் முறிந்ததோ,
அன்றைக்கு அவருக்குப் பேர் விழுந்ததோ இல்லையோ,
மரம் மேலே வளர்ந்து மூடிவிட்டது.

அதை நான் விற்கவில்லை.
காற்றடிக்கிற நாளில் கதவுக்கு அண்டை கொடுக்கிறேன்.
சுங்கச் சீட்டு இன்னும் சணலில் தொங்குகிறது:
சந்தேகப் பொருள்.
கீழே திகதி. கீழே ஒப்பம்.
காரணத்துக்கு விட்ட இடத்தில்
சின்னவன் பென்சிலால்
ஒரு மீன் வரைந்திருக்கிறான்.