முழுப் பேர்

பதினெட்டுக் கிலோவில் ஒரு கிலோ குறைந்தாலும்
அம்மாவுக்கு அரைப்பேர்.
மழையோ, அட்டை கடித்த காலோ
தராசுக்குத் தெரியாது.
மாதக் கடைசியில் சம்பளச் சீட்டை விரித்து
அரைப்பேர்களைக் கூட்டுவாய் அக்கா,
பென்சில் நுனியை நாக்கில் தொட்டுக்கொண்டு.
எப்படிக் கூட்டினாலும்
அம்மாவுக்கு ஒரு முழு மாதம் வந்ததில்லை.

உன் பேருக்கும் அதே கதி.
பிறப்புச் சான்றில் பக்கியலச்சமி,
பள்ளிக்கூடத்தில் பாக்கியலெட்சுமி,
அடையாள அட்டையில்
அப்பாவின் பேர் முன்னாலும் பின்னாலும் ஒட்டிக்கொண்ட
யாரோ ஒருத்தி.
மூவரும் நீதான் என்று நிரூபிக்க
நுவரெலியா கச்சேரிக்கு ஏழு தடவை போனாய்.
ஏழாம் தடவை பஸ்ஸுக்குக் காசில்லை,
நானுஓயா ஸ்டேஷன் வரை நடந்தாய்.

உயரம் அரை அங்குலம் போதாது என்றார்கள்.
அங்கேயும் அரை.
பழைய கொழுந்து மடுவத்தின் இரும்புக் கம்பியில்
விடியுமுன் தொங்குவாய்.
எண்ணுவது என் வேலை.
நூறுக்குப் பிறகு எனக்கு எண் பிசகும்,
உனக்குக் கை பிசகாது.
பிரட்டுக்குப் போகிற பெண்கள் கேட்பார்கள்:
"ஏண்டி வௌவாலு, பழம் பழுத்திருச்சா?"
நீயும் சிரித்தாய். மறுநாளும் தொங்கினாய்.
எலும்பு நீண்டதா, முதுகு நிமிர்ந்ததா, தெரியாது.
இரண்டாம் தடவை அளந்தவர் தலையை ஆட்டினாராம்.

சிங்களம் படித்தது பஸ் பலகைகளில்,
மருந்துக் கடையில் மாத்திரை எண்ணிய இரண்டு வருடத்தில்.
ஏன் என்று நீ சொன்னதில்லை.
மண் சரிந்து அப்பா செத்த அன்று
ஸ்டேஷன் வாங்கில் அம்மா
சொன்னாள், அழுதாள், மறுபடி சொன்னாள்.
எழுதியவர் தன் மொழியில் நாலே வரி எழுதினார்.
என்ன எழுதியிருக்கு என்று கேட்கத் தெரியாமல்
பெருவிரலை மையில் வைத்தாள்.
உனக்குப் பதின்மூன்று.
அந்த வட்ட எழுத்துகளை
வீடு வரும்வரை உன் விரல் காற்றில் வரைந்துகொண்டே வந்தது.

களுத்துறையிலிருந்து போன்:
"இங்க பனியே இல்லடா,
பூட்ஸுக்குள்ள கால் அவிஞ்சு போச்சு."
அம்மா கேட்டது ஒன்றுதான்:
துவக்கு கனமா, கொழுந்துக்கூடை கனமா?
உன் பதில் எனக்குக் கேட்கவில்லை.
அம்மா சிரித்தாள்.

காக்கியோடு லயத்துக்கு வந்த முதல் நாள்
கதவுகள் சாத்திக்கொண்டன.
காக்கியைக் கண்டால் ஒளிகிற பழக்கம் எங்களுக்கு,
காரணம் இல்லாமல் இல்லை.
ரோஸ்மேரியின் மகன் பீலிக்கரைக்கு ஓடினான்.
தொப்பியைக் கழற்றி, குனிந்து நிலையைத் தாண்டி,
"ரொட்டி இருக்கா, கட்டச்சம்பல்?" என்றாய்.
ஒவ்வொன்றாகத் திறந்தன கதவுகள்.
எல்லாம் அல்ல.
கடைசிக் காம்பரா வசந்தமலர்
இரண்டு மாதம் கழித்து, உதடு வீங்கி,
ஸ்டேஷனுக்கே வந்தாள்.
அவள் சொன்னதைச் சொன்ன மொழியிலேயே எழுதி
வாசித்தும் காட்டினாயாம்.
"இந்த வரி தப்பு" என்றாளாம்.
வெட்டித் திருத்தினாயாம்.

போன மாதம் டிக்கோயா வளைவில்
என் ஓட்டோவை மறித்தாய்.
இடது விளக்கு எரியவில்லை.
அக்கா என்றேன்.
லைசென்ஸ் என்றாய்.
பின்னால் இருந்த ஆள் இருமுவதுபோல் சிரித்தான்.
தபாற்கந்தோரில் தண்டம் கட்டினேன்.
பெருமையாக இருந்தது என்றால் பொய்,
அன்றைக்குக் கோபம்தான்.
சீட்டை மட்டும் எறியவில்லை.
கண்ணாடிக்கு மேலே, முருகன் படத்தின் பக்கத்தில்
செருகி வைத்திருக்கிறேன்.
கீழே உன் கையெழுத்து,
சுருக்காமல், ஓர் எழுத்தும் பிசகாமல்.

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகையில்
அம்மா எட்டி அதைத் தொட்டாள்.
வாசிக்கத் தெரியாது.
"பேரு முழுசா போட்டுருக்காளா?"
"முழுசா" என்றேன்.
நல்ல வெயில்தான்.
ஆனாலும் இரண்டு விளக்கையும் போட்டுக்கொண்டே
ஹட்டன் வரை ஓட்டினேன்.