பன்னிரண்டாவது ஆள்

இருபத்திரண்டு வருஷமாய்
கோட்ஸகோல்கோஸ் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயங்களில்
கோட்டோரம் கொடியோடு ஓடுகிறவன் நான்.
இருபத்திரண்டு வருஷமும்
"குருட்டுப் பயலே" என்றுதான் கூப்பிட்டார்கள்.
எபிஃபானியோ என்ற பெயர்
மனைவிக்கும் சம்பளச் சீட்டுக்கும் மட்டும் தெரியும்.
பொய் வசவு உடம்பில் ஒட்டாது,
வேர்வையோடு வழிந்துவிடும்.

நேற்று, எழுபதாவது நிமிடம்.
கடல்காற்றில் புழுதி.
துறைமுக அணிப் பையன் பந்தை வலைக்குள் அடித்தான்.
தற்காப்பு வரிசைக்கு அப்பால்
கறுப்பாய் ஒருவன் நின்றிருந்தான்.
கொடியைத் தூக்கினேன்.
கோல் செல்லாது.

கண்ணைத் திருப்பினேன், அவனும் திரும்பினான்.
மேகத்தைப் பார்த்தேன், மேகத்திலும் ஓடினான்,
தண்ணீரில் சொட்டிய மை மாதிரி
வால் நீட்டிக்கொண்டு.

வழக்கமான வசவு வந்தது.
முதல் தடவையாய் அது
விலாசம் சரியாக எழுதிய கடிதம்.

இன்று காலை சொட்டு மருந்து விட்டு
கண்மணியை அகலத் திறந்துவைத்தார்கள்.
படமெடுத்த நெரெய்டா திரையைத் திருப்பினாள்:
உரித்த ஆரஞ்சுப் பழம்,
மைதான வாசலில் விற்பதுபோல
மேலே மிளகாய்த்தூள் சிந்தி.

"வலிக்கவே இல்லையே" என்றேன்.
"வலித்திருந்தால் எப்போதோ வந்திருப்பீர்கள்."

சர்க்கரை வந்து பதினோரு வருஷம்.
ஞாயிறுகளில் மாத்திரையை விட்டேன், ஓடுகிறோமே என்று.
இடைவேளையில் குளிர்ந்த கோலா,
வென்றவன் வாங்கித் தந்தால் இன்னொன்று.
வருஷம் ஒருமுறை கண்ணைக் காட்டச் சொன்ன சீட்டு
பணப்பையில் மடிந்து மடிந்து
நாலாய்ப் பிரிந்தது.
எதற்குக் காட்டுவது?
எதிர்க் கோடியில் நிற்பவன் முதுகு எண்ணைப் படித்தேனே!
படித்துக்கொண்டிருந்தபோதே
நூலைவிட மெல்லிய குழாய்கள்
உள்ளே கசிந்துகொண்டிருந்தன.

புதன்கிழமை லேசர்.
போனது திரும்பும் என்று டாக்டர் சொல்லவில்லை.
இருப்பது நிற்கும் என்றார், அதற்கும்
முன்னால் ஒரு "அநேகமாக".

வெளியே வெயில் வெள்ளைச் சுவராய் நின்றது.
துழாவித் துழாவி ஒரு டாக்சியில் ஏறினேன்.
எங்கே என்று கேட்ட குரலை அறிவேன்:
நேற்று கோல் இழந்த பையன்.
நாலு தெரு பேசாமல் ஓட்டினான்.
பிறகு, "நிஜமாகவே ஆஃப்சைடா?"

"ஒருத்தன் நின்றான் தம்பி.
அது நீ இல்லை."

வாசலில் எத்தனை படி என்று
அவன்தான் எண்ணிச் சொன்னான்.
கட்டணத்தில்
ஒரு பேசோகூடக் குறைக்கவில்லை.